மனிசியை வன்கூவர் கேட்கிறது

ஏப்ரல் 24

காலை ஷிஃப்ற். மழை இல்லை, குளிர் இல்லை, லோரன்ஸ் வீதியில் திருத்தவேலையும் இல்லை. ரொறன்ரோவில் பஸ் ஓட்டுகிறவனுக்கு இப்படி ஒரு நாள் வருடத்தில் இரண்டு தடவை கிடைத்தால் பெரிய விஷயம்.

மதியம் சாப்பிடும்போது கூட பஸ் ஓட்டுகிற பேனாட் போனை நீட்டினான். "உன்ரை மனிசியின்ரை லீக் பெருகுது மச்சான். வன்கூவருக்கு ஒரு ரீமாம். இன்னொண்டும் வருமாம்."

சந்தோஷமாக இருந்தது. பெண்களுக்கு என்று தொழில்முறை ஐஸ் ஹொக்கி தொடங்கியபோது, உது ஒரு சீசன் தாங்காது என்று சொன்னவர்கள் எத்தனை பேர்! இப்போது இடம் போதாமல் மேற்குக் கரைக்குப் போகிறது.

வீட்டுக்கு வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். ரொறன்ரோ அணியில் ஆடுகிற என் மனைவி லக்சிகாவுக்கு நேற்றே தெரியுமாம். உடுப்பு மடித்துக்கொண்டு கேட்டாள்: "புது ரீமுக்கு பிளேயர்ஸ் எங்கையிருந்து வருவினம் எண்டு யோசிச்சீங்களோ?"

யோசிக்கவில்லை.

ஏப்ரல் 27

இன்று பூராவும் அதுதான் யோசனை. பழைய அணிகளிலிருந்துதான் எடுப்பார்களாம். ஒவ்வொரு பழைய அணியும் சில பேரை மட்டும் "இவர்களைத் தொடக்கூடாது" என்று எழுதிக் கொடுக்கலாம். மிச்சப் பேரைப் புது அணிகள் பொறுக்கும்.

எங்கள் வேலையில் சீனியோரிட்டிப்படி டிரைவர் பஸ்ஸைத் தெரிவு செய்வான். பதினொரு வருடம் ஓட்டியபிறகு இப்போதுதான் எனக்கு நல்ல ஷிஃப்ற் வாய்த்திருக்கிறது. அவளுடைய வேலையில் பஸ் வந்து டிரைவரைத் தெரிவு செய்கிறது! இது என்ன முறை?

ஆனால் எங்கள் அணி இவளை விடாது. இந்த ஊர் டோர்செட் பார்க்கில் பிறந்து வளர்ந்த பிள்ளை. அணியில் இருக்கிற ஒரே தமிழ்ப் பிள்ளை. விடுவார்களா என்ன?

மே 11

அன்னையர் தினம். அம்மாவைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனோம்.

"பிள்ளை, கடைசி மாட்ச்சிலை விளையாடினனியோ?"

"இல்லை மாமி. பெஞ்சிலை இருந்தனான்."

"இருந்தாலும் சம்பளம் தருவினம்தானே?"

லக்சிகா சிரித்தாள். கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தாள்.

ஜூன் 3

தொடக்கூடாதவர்களின் பட்டியல் வந்துவிட்டது. இவள் பெயர் இல்லை.

எப்படி இருக்கும்? மூன்றே மூன்று பேருக்குத்தான் இடம். இவளோ டிஃபென்ஸில், தடுத்து ஆடுகிறவர்களில், ஏழாவது ஆள். ஆறு பேர் இறங்குவார்கள், ஏழாமவள் யாருக்காவது கால் சுளுக்கும் வரைக்கும் காத்திருப்பாள். எனக்கு இது தெரியாததா? தெரிந்தும் காலையிலிருந்து போனைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன் — வாடன் வீதியில் ஒரு பஸ் தரிப்பைத் தாண்டியும் ஓடிவிட்டேன். ஒரு அன்ரி நல்ல பேச்சுப் பேசினா.

அவள் பட்டியலை ஒருதரம் வாசித்தாள். ஓடப் போகிறேன் என்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனாள்.

ஜூன் 4

வேலை முடிந்து நேரே ரிச்மண்ட்ஹில் பிள்ளையாரிடம் போனேன். இவளை ஒருத்தரும் எடுக்காவிட்டால் நூற்றெட்டுத் தேங்காய் அடிப்பதாக நேர்த்தி. அம்மாவுக்கு மட்டும் சொன்னேன்.

ஜூன் 6

சொல்லியிருக்கக்கூடாது.

அம்மாவின் அப்பாட்மென்ற்றில் சாப்பாடு. அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே, "பயப்படாதை பிள்ளை. தம்பி நேர்ந்திருக்கிறான். உன்னை ஒருத்தரும் எடுக்கமாட்டினம்" என்றா.

லக்சிகா என்னைப் பார்த்தாள். சாப்பிட்டு முடித்தாள். பாத்திரம் கழுவினாள். அம்மாவுக்குப் போயிற்றுவாறன் சொன்னாள். கார் கென்னடி வீதிக்கு ஏறிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"என்னை ஒருத்தருக்கும் வேண்டாம் எண்டு வரவேணும் எண்டோ கும்பிட்டனீங்கள்?"

"அப்பிடி இல்லை... நாங்கள் இஞ்சையே இருக்கலாம் எண்டு—"

"இஞ்சை நான் என்ன செய்யிறன் வாகீ? வோர்ம்-அப் செய்யிறன். கை தட்டுறன். மற்றவைக்குத் தண்ணிப் போத்தல் குடுக்கிறன். எனக்கு இருபத்தெட்டு வயசு. ஐ ஜஸ்ற் வான்ற் ரு பிளே."

காரை ஒரு பிளாசாவுக்குள் திருப்பி நிற்பாட்டினேன். நான் எவ்வளவு பெரிய மடையன்! அவள் ஓடப் போன அன்று அழத்தான் போனாள் என்று நினைத்தேன். அப்படியில்லையாம். பெயர் பட்டியலில் இல்லை என்று கண்டதும் சந்தோஷத்தில் கால் நிற்கவில்லையாம். எனக்குச் சொன்னால் நான் உடைந்துபோவேன் என்று எனக்காகப் பேசாமல் இருந்திருக்கிறாள்.

"அப்ப உமக்குப் போக விருப்பமோ?"

"எடுத்தால், நடந்தெண்டாலும் போவன்."

ஜூன் 7

திரும்ப ரிச்மண்ட்ஹில். ஐயரிடம் அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தேன்.

"என்ன விசயமாச் செய்யவேணும்?"

"மூண்டு நாளைக்கு முன்னம் வைச்ச நேர்த்தியை மாத்தவேணும் ஐயா. எடுக்கக்கூடாது எண்டு கேட்டனான். இப்ப எடுக்கவேணும்."

"வீடோ?"

"இல்லை ஐயா. மனிசி."

ஐயர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மணியை அடித்தார்.

ஜூன் 9

இரவு ஒரு மணி. ஆனாலும் எழுதவேண்டும்.

பின்னேரம் எல்லோரும் மாமா வீட்டில். அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். லக்சிகாவின் அப்பா இரத்தினவேல் மாமாதான் அந்த நாளில் விடிய நாலு மணிக்கு இவளை ஐஸ் அரங்குக்குக் கொண்டுபோய்விட்டு, காருக்குள் நித்திரை கொண்டு, அப்படியே வேலைக்குப் போனவர். இன்று புது அணிகள் ஆள் எடுப்பதைக் காட்டுகிற ரிவிக்கு முன்னால் நின்றார். இருங்கோ என்றால் இருக்கிறாரில்லை.

வன்கூவர் ஒருத்தி, மற்றப் புது அணியான சியாட்டில் ஒருத்தி என்று மாறி மாறி எடுத்தார்கள். எங்கள் அணியிலிருந்து ஒருத்தி போனாள். பிறகு இன்னொருத்தி. மீன் ரோல்ஸ் ஆறிப்போய்க் கிடந்தது. லக்சிகா குஷனைக் கட்டிப்பிடித்தபடி, "இற்ஸ் ஓகே, இற்ஸ் ஓகே" என்றாள். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு அந்த அறிவிப்பாளப் பெண் மூச்சை இழுத்து, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்: வன்கூவர் — டிஃபென்ஸ் — லக்சிகா இரத்தினவேல்.

பள்ளிக்கூடத்தில் ஒரு ரீச்சர் கூட ஒழுங்காகச் சொல்லாத பெயராம்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு வரிசையாக ஞாபகம் இல்லை. நான் கத்தினேன். அம்மா, "என்ன, எடுத்திட்டினமோ? நல்லதோ, கூடாதோ? ஆரும் சொல்லுங்கோவன்!" என்று கேட்டுக்கொண்டே அழுதா. லக்சிகா குஷனை மேலே எறிந்தாள். அது விளக்கில் பட்டது. மாமா ஒருவழியாகக் கதிரையில் இருந்தார். இருந்து, முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "என்ரை பிள்ளையைக் கேட்டிருக்கினம்" என்றார். "என்ரை பிள்ளையைக் கேட்டு எடுத்திருக்கினம்."

பிள்ளையார் இரண்டாவது மனுவைத்தான் எடுத்திருக்கிறார்.

ஜூன் 14

அப்பாவின் பழைய கூட்டாளி நவரட்ணம் அங்கிள் வீட்டுப் பிறந்தநாள். கேக் வெட்டமுன்னமே தொடங்கிவிட்டார்.

"என்ன தம்பி, ரீரீசி பஸ் வேலையை விட்டிட்டு மனிசிக்குப் பின்னாலையோ போகப்போறீர்? பதினொரு வருசம்! பென்சன்! உமக்கு விசரோ?"

நான் பதில் தேடுவதற்குள் அம்மா தட்டை வைத்துவிட்டு எழும்பினா.

"நவரட்ணம், நான் இவன்ரை அப்பாவுக்குப் பின்னாலை கொழும்புக்குப் போனனான், ஜேர்மனிக்குப் போனனான், பிறகு இஞ்சை வந்தனான். மனிசனுக்குப் பின்னாலையோ போறாய், உனக்கு விசரோ எண்டு நீ ஒருநாளும் கேக்கேல்லையே?"

அங்கிள் கேக்கைப் பார்த்தார்.

காரில் ஏறியதும் அம்மா, "எண்டாலும் வன்கூவர் சரியான தூரம்தான்" என்று சொல்லி மூக்கைத் துடைத்தா.

ஜூலை 8

அங்கே பஸ் கொம்பனியில் வேலை கிடைத்திருக்கிறது. சீனியோரிட்டிப் பட்டியலில் கடைசி ஆள். மிஞ்சுகிற ஷிஃப்ற்தான் எனக்கு. புது அணியில் இவளும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். இரண்டு பேருமாகத் தொடங்குவோம்.

பயமா? ஓம், பயம்தான். ஆனால் இன்று பல்லுத் தீட்டும்போது பாடிக்கொண்டிருந்தேனாம். அவள்தான் சொன்னாள்.

ஆகஸ்ற் 19

கடைசி ஓட்டம். பேனாட் முன் சீற்றில் ஏறியிருந்து, ஏறுகிற ஆட்களுக்கெல்லாம் "உவன் எங்களை விட்டிட்டு ஓடுறான்" என்று முறையிட்டுக்கொண்டு வந்தான். கடைசித் தரிப்பில் கட்டிப்பிடித்து அழுததும் அவன்தான்.

ஜனவரி 17

ரொறன்ரோ. அம்மாவின் அப்பாட்மென்ற் சோபாவிலிருந்து எழுதுகிறேன்.

வன்கூவர் அணி இங்கே விளையாட வந்தது. லீவு எடுத்து நானும் வந்தேன். மாமா என்னையும் அம்மாவையும் தன் சீசன் ரிக்கெற் வரிசைக்கே கூட்டிப்போனார். வழக்கம்போல ரொறன்ரோ அணியின் ஜேசிச் சட்டைதான் போட்டிருந்தார். "அது வேறை, இது வேறை" என்றார். நான் வாதாடவில்லை.

லக்சிகா முதல் டிஃபென்ஸ் ஜோடியில் இறங்கினாள். போனாள், வந்தாள், திரும்ப இறங்கினாள். இங்கே ஒரு முழு மாதத்தில் ஆடாத ஆட்டத்தை முதற் பகுதியிலேயே ஆடிவிட்டாள் என்று நினைக்கிறேன். ஐஸில் அவள் அதட்டுகிற சத்தம் எங்கள் வரிசை வரைக்கும் கேட்டது. வீட்டில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. (இனிமேல் கேட்கலாம்.)

மூன்றாம் பகுதியில் ரொறன்ரோவின் வேகக்காரி ஒருத்தி தனியே பாய்ந்து வந்தாள். லக்சிகா பக் வில்லையைத் தட்டத் தடியை நீட்டினாள். பாய்ந்து வந்தவள் விழுந்தாள். றெஃபரி கையை உயர்த்திவிட்டார். அரங்கம் முழுக்க லக்சிகாவுக்கு ஊ என்று கூவியது.

மாமா எழும்பிவிட்டார். "உது பெனால்ரியோ? பக்கைத்தானே தட்டினவள்! உமக்குக் கண் இல்லையோ?" — தமிழில், றெஃபரியைப் பார்த்து, கையை ஆட்டி ஆட்டி.

முன்வரிசை ஆள் திரும்பி ஜேசியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீங்கள் எந்த அணி என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மாமா யோசிக்கவே இல்லை. "நாற்பத்தி நாலாம் நம்பரின்ரை அப்பா" என்றார், அதையும் தமிழிலேயே. அந்த மனிதருக்கு என்ன விளங்கியதோ, ஐஸில் நாற்பத்தி நாலைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், கையை நீட்டிக் குலுக்கினார். அம்மா அவருக்கு ஒரு மீன் ரோல் கொடுத்தா.

மூன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். "தோற்றோம்" என்று எழுதியிருக்கிறேன். சரிதான்.

பிறகு வெளியே அவள் தலை ஈரத்தோடு ஓடிவந்தாள். அணி பஸ் காத்திருந்தது, ஐந்து நிமிடம்தான். மூன்று பேரையும் ஒன்றாகக் கட்டிப்பிடித்தாள். சாப்பாட்டுப் பெட்டியை அம்மாவிடமிருந்து பறித்துக்கொண்டு ஓடினாள்.

காரை எடுக்க நடந்தபோது மாமா கேட்டார்.

"அடுத்த மாட்ச் எப்ப?"

"செவ்வாய்க்கிழமை, மாமா. அங்கத்தை நேரம் ஏழு மணி. இஞ்சை பத்தாகிடும்."

"பறவாயில்லை" என்றார். "மத்தியானம் படுத்தெழும்பிப் போட்டு முழிச்சிருந்து பாப்பன்."