மணி அடித்தால் நிற்கும் கை

2013 ஜனவரி 9, புதன்

இன்றும் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. குவைத்திலிருந்து மாமா அனுப்பிய கீபோர்டு சும்மா கிடந்தது. ஓசை வராத கட்டைகளிலேயே போட்டிக்கான பியானோ இசையை, அந்தச் சொனாட்டாவை, வாசித்துப் பார்த்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "சத்தமே வரல்ல, பின்ன என்னத்துக்குட்டி தட்டுக?" என்றாள்.

சனிக்கிழமை திருவனந்தபுரத்தில் பியானோ போட்டி, முதல் சுற்று. கடைசியில் முதலிடம் வந்தால் சென்னையில் ஓர் இசைப்பள்ளியில் தங்கிப் படிக்கலாம், எல்லாம் அவர்கள் பொறுப்பு. வராவிட்டால் பி.எட். அப்பா சொன்னால் சொன்னதுதான். பி.எட். படிப்பதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டுகிறது.

ஜனவரி 12, சனி

நன்றாக வாசித்தேன். அப்படித்தான் நினைத்தேன், வேன் களியக்காவிளை தாண்டும் வரைக்கும்.

அப்பா, அம்மா, எங்கள் கோவில் பாடகர் குழுவை நடத்தும் ஜான்ரோஸ் அண்ணன், கல்லூரித் தோழி ஷப்னா — எல்லோரும் கூட வந்திருந்தார்கள். வழியெல்லாம் பாராட்டு. ஷப்னாதான் திடீரென்று கேட்டாள்: "எல்லாம் கொள்ளாம். நடுவுல என்னத்துக்குட்டி நிப்பாட்டுன?"

"நான் எங்க நிப்பாட்டினேன்?"

"மணி அடிச்சதும் கைய மடியில வச்சு, தலைய குனிஞ்சுட்டு இருந்தியே! பொறவு விட்ட இடத்துலேருந்து வாசிச்ச."

விளையாடுகிறாள் என்று நினைத்து அம்மாவைப் பார்த்தேன். அம்மா சாவகாசமாகச் சொன்னாள்: "மணி அடிச்சா நிப்பாட்டாண்டாமா? நானும்தான் குனிஞ்சேன்."

ஜான்ரோஸ் அண்ணனும் குனிந்தாராம். அப்பா நெஞ்சில் சிலுவை வரைந்தாராம். எங்கள் வரிசையில் ஷப்னாவைத் தவிர ஒருவருக்கும் அது தப்பாகவே தெரியவில்லை.

ஐயோ. ஏழாம் வகுப்பிலிருந்து எங்கள் தேவாலயத்தில் பூசைக்கு வாசிக்கிறேன். சாமியார் அப்பத்தை உயர்த்தும்போது பீடத்தில் மணி அடிக்கும். அந்த நொடியில் கீபோர்டு நிற்க வேண்டும், தலை குனிய வேண்டும். ஆனால் இன்று அடித்தது நேரம் முடியப்போகிறது என்று நடுவர்கள் அடித்த மணி. அதற்கு யாரும் நிறுத்த மாட்டார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் கை எப்படி நின்றது?

ஜனவரி 13, ஞாயிறு

ஷப்னா செல்லில் எடுத்த வீடியோவைப் பார்த்தேன். நான்தான். மணி, கை மடிக்குப் போகிறது, கண்ணை மூடுகிறேன். எவ்வளவு நேரம்! யாரோ இருமுகிறார்கள். எனக்கு இதில் எதுவுமே நினைவில்லை. என் ஞாபகத்தில் அந்தச் சொனாட்டா ஒரு இடத்திலும் அறுபடவில்லை.

என் கையையே பயத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 17, வியாழன்

நாகர்கோவிலிலிருந்து பியானோ மிஸ் போன் செய்தார். நான் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டேன். நம்ப முடியவில்லை. நடுவர்களுக்குள் சண்டையே நடந்ததாம். ஒருவர், "மறந்துபோய் விழித்தாள், நாடகம் போட்டுச் சமாளித்தாள்" என்றாராம். வெள்ளை முடி அம்மா ஒருவர், "இத்தனை வருடத்தில் இப்படி ஒரு மௌனத்தை நான் கேட்டதில்லை, அதற்காகவே மார்க் போட்டேன்" என்றாராம். கூட வாசித்த பையனின் அப்பா, அனுதாப ஓட்டு என்றாராம்.

மிஸ் என்ன நினைக்கிறார்? "இறுதிச் சுற்றில் நின்றால் போச்சு, பிரிஜா. ஒருமுறைதான் மன்னிப்பார்கள்."

மறக்கவும் இல்லை, நடிக்கவும் இல்லை. அது மௌனமும் இல்லையே! வெறும் பழக்கம். இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

ஜனவரி 20, ஞாயிறு

போட்டி முடியும்வரை பூசைக்கு வாசிக்க வரவேண்டாம் என்று ஜான்ரோஸ் அண்ணன் விட்டுவிட்டார். "நீ ஜெயிச்சிட்டு வா மக்கா, அது வரைக்கும் நான் சமாளிக்கேன்."

மத்தியானம் ஷப்னா தன் தம்பியின் சைக்கிள் மணியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். நான் வாசிக்க வேண்டும், அவள் நினைத்த நேரத்தில் அடிப்பாள். முதல் மணிக்கே கை மடிக்குப் போய்விட்டது. "ஏட்டி! எடு கைய!" என்று முதுகில் ஒரு அடி. இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

ஜனவரி 24, வியாழன்

மணி கேட்டால் இன்னும் நிற்கிறது, சவத்துக் கை.

ஜனவரி 29, செவ்வாய்

நிற்கவில்லை. ஷப்னா காதுக்குப் பக்கத்திலேயே அடித்துப் பார்த்தாள். நிற்கவில்லை!

பிப்ரவரி 2, சனி

முதலிடம். எனக்கு. மேடையில் என் பெயரைக் கூப்பிட்டபோது ஷப்னாதான் என்னைப் பிடித்துத் தள்ளினாள். அப்பா அழுதார், நான் அவர் அழுது பார்த்ததே இல்லை.

போன தடவை நாடகம் என்றவர் கைகுலுக்கி, "இதுதான் வாசிப்பு" என்றார். வெள்ளை முடி அம்மா தனியாகக் கூப்பிட்டார். "நன்றாகத்தான் வாசித்தாய். அந்த மௌனம் எங்கே போனது? இன்று எல்லோரையும் போல இருந்தாயே."

சிரித்து வைத்தேன். வேறென்ன செய்வது? மணி அடித்தார்களா என்று வேனில் கேட்டேன். அடித்தார்களாம்.

பிப்ரவரி 5, செவ்வாய்

பதினைந்தாம் தேதி சென்னையில் சேர வேண்டும். பெட்டி வாங்கியாயிற்று. அப்பா போகிற வருகிறவரிடமெல்லாம், "எனக்க மவ மெட்ராஸ் போறாளாக்கும்" என்கிறார்.

பிப்ரவரி 10, ஞாயிறு

ஊரில் கடைசி ஞாயிறு. பூசைக்கு நானே வாசிக்கிறேன் என்று ஆசையாகக் கேட்டு வாங்கினேன். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தேன். ஜான்ரோஸ் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

நிமிர்ந்தால், சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடித்திருக்கிறார். ஊர் முழுக்கத் தலைகுனிந்து முழங்காலில். என் கீபோர்டின் மிச்ச ஒலி மட்டும் கோவிலுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஜெயிச்ச திமிர் என்று ஒருத்தி. நல்ல ராகமாக இருந்தது என்று பக்கத்து வீட்டுச் சிலுவை மாமா. அப்பா எங்களை விட்டு முன்னால் நடந்து போய்விட்டார்.

வீட்டு வாசலில் அம்மா கேட்டாள். கோபமே இல்லை, பயந்துபோன குரல்.

"மக்ளே, மணி அடிச்சது ஒனக்குக் கேக்கல்லியா?"

கேட்கவில்லை.