வாசலில் கட்டிய வலை

என் ஆசை அக்காவுக்கு,

எனக்குப் பயமாக இருக்கிறது. வெளியே மழை விடவில்லை. ஆறு ஏறி வேலியடிக்கு வந்துவிட்டது. இடது கையை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு வலது கையால் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாகத்தான் இருக்கும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் உன் பூனையைப் பற்றி. சீனிக்கு வயதாகிவிட்டது. என்னைப்போலவே எதற்கெடுத்தாலும் நடுங்குகிறது. வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலும் கூரையைத் தாங்கும் வளை மரத்தில் ஏறிவிடும்.

சண்டை முடிந்தது உனக்குத் தெரியாதே. வன்னியில் இருந்த நம் சின்னம்மாவின் மகள் வசந்தியை முகாமிலிருந்து விட்டார்கள். வேறு போக்கிடம் இல்லாமல் படுவான்கரைக்கு, என் வீட்டுக்கு வந்தாள். மாற்றுத்துணி என்று நினைத்து அவள் பையை வாங்கினேன். பை அசைந்தது. உள்ளே ஒரு கறுப்புப் பூனைக்குட்டி.

சீனி அதைப் பார்த்து ஒரு சீறல் சீறி வளையில் ஏறியது. பிறகு மீன் பொரித்தாலும் இறங்கவில்லை. விலா எலும்பு தெரியத் தொடங்கியது.

அக்கம்பக்கத்தில் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். "புதுசக் கொஞ்ச நாளைக்கு அறைக்க விட்டுப் பூட்டு புள்ள. மணம் பழகட்டும்." நல்ல யோசனைதான். ஆனால் கடல் வந்த நாளிலிருந்து நான் எந்தக் கதவையும் பூட்டுவதில்லை. கதவு செய்த பலகையில் இன்னொரு தோணி கட்டியிருக்கலாம் என்று என் கணவர் கேலி செய்வார்.

அன்று பெரியகல்லாற்று வீட்டில் மீன் அரிய உட்கார்ந்தபோது, தொல்லை தாங்காமல் சீனியைக் குசினிக்குள் விட்டுப் பூட்டினாய். கடல் பொங்கி எல்லாரும் ஓடும்போது பாதி வழியில் நின்றுவிட்டாயாம். "ஐயோ, சீனி உள்ளுக்க" என்று கத்திக்கொண்டு திரும்பி ஓடினாயாம். பக்கத்து வீட்டு மாமி சொன்னார். பூனை தென்னை மரத்தில் கிடைத்தது. கதவைத் திறந்துவிட்டாய் என்பது அதனால்தான் தெரியும். நீ கடைசியாகத் தொட்ட உயிர் அது. அது பட்டினி கிடந்து செத்தால், வெறுத்துப்போய் எங்காவது ஓடிவிட்டால், உன்னை நான் இன்னொரு தடவை பறிகொடுக்க வேண்டும். என்னால் முடியுமா?

வசந்தி எனக்கு நேர் எதிர். கதவு திறந்திருந்தால் அவளுக்குத் தூக்கம் இல்லை. முகாமில் கூடாரத்துக்குக் கதவே கிடையாது. வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவள் தம்பியைக் கூட்டிப்போனார்கள். இன்னும் வரவில்லை. "கதவைப் பூட்டுங்கோ அக்கா" என்பாள். நான் சாத்துவேன். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் திறந்துவிடுவேன். ஒரு வீட்டுக்குள் இரண்டு பூனை, இரண்டு பைத்தியம். சிரி, அக்கா. நீ சிரித்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பு வரும்.

கடைசியில் என் கணவர்தான் வழி சொன்னார். "பூட்டவும் வேணா, திறந்து விடவும் வேணா. வலையக் கட்டுவம்."

பழைய வலை ஒன்றை அறை வாசலில் இழுத்துக் கட்டினார். குட்டி உள்ளே, சீனி வெளியே. குட்டி படுத்த துணியைச் சீனியின் சோற்றுத் தட்டுக்கு அடியில் விரித்தேன். தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வலைக்குக் கிட்டே நகர்த்தினேன். சீனி இறங்கி வந்தது. அவசரமாகத் தின்றது, குட்டியைப் பார்த்துச் சீறியது, மறுபடி ஏறியது. அது தின்பதைப் பார்த்து அழுதேவிட்டேன்.

இன்று மத்தியானம் பெரிய இடி. வன்னிப் பூனையல்லவா, குட்டி பதுங்கு குழி தேடுவதுபோல் கட்டிலுக்குக் கீழே ஓடியது. வசந்தியும் அதன் பின்னாலேயே போய்விட்டாள். நான் கூரை வளையைப் பார்த்தேன். சீனி இல்லை. அடுப்படியிலும் இல்லை. முன்கதவு விரியத் திறந்து கிடந்தது. முற்றமெல்லாம் தண்ணீர். "சீனி, சீனி" என்று கத்தினேன். அது என் குரல் போலவே இல்லை, அக்கா.

"அக்கா, இஞ்ச வாங்கோ" என்றாள் வசந்தி, கட்டிலுக்குக் கீழிருந்து.

வலையின் அடிப்பக்கம் கிழிந்திருந்தது. குனிந்து பார்த்தேன். பயந்தால் மேலே மட்டுமே ஓடத் தெரிந்த உன் பூனை, குட்டிக்கு ஒரு முழம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. உடம்பெல்லாம் நடுக்கம். ஆனால் சீறவில்லை.

"கதவைப் பூட்டுங்கோ. இன்னொரு இடி விழுந்தால் வெளியில ஓடிடும்."

அவள் சொன்னது சரி. முன்கதவைச் சாத்திக் கீழ்க்கொண்டியைப் போட்டேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கதவடியில் இருந்துதான் உனக்கு எழுதுகிறேன். இடது கை கொண்டியில் இருக்கிறது.

தோணியைக் கட்டப் போன என் கணவர் வந்து தட்டினால் திறப்பேன். தண்ணீர் படியைத் தொட்டாலும் திறப்பேன். வசந்தியையும் இரண்டு பூனைகளையும் கூட்டிக்கொண்டுதான் வெளியே கால் வைப்பேன். யாருக்காகவும் யாரும் திரும்பி ஓடத் தேவையில்லை. அதுவரை கொண்டியிலிருந்து கையை எடுக்க மாட்டேன்.

கதவுக்கு உள்பக்கம் இருக்கும்
உன் தங்கச்சி