தோற்றுவிடுவார்கள் என்று நம்பி ஒதுக்கிய பணம்

டிசம்பர் 3

பல்கலைக்கழக விளையாட்டுக் குழுவுக்கு என்னைப் பொருளாளராகப் போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் கடைசிக்கு முந்தின இடம் வந்தவள் நான். அதுவும், கடைசியாக வந்தவளுக்குச் செருப்பு அறுந்துபோனதால்.

மாணவர் நலத் தலைவர் குஞ்சிதபாதம் சாரிடம் இதைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "விளையாடத் தெரிய வேண்டாம்மா ஷைலஜா. கூட்டல் கழித்தல் தெரிஞ்சா போதும். காமர்ஸ் டிபார்ட்மென்ட்தானே நீங்க?" என்றார். அவர் இயற்பியல் பேராசிரியர். ஆனால் எந்தப் பேச்சும் இரண்டாவது நிமிடத்தில் கிரிக்கெட்டுக்குப் போய்விடும். இன்று ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வீட்டில் இவரிடம் சொன்னேன். வங்கியிலிருந்து வந்த களைப்பெல்லாம் போய், "கிரிக்கெட் டீமுக்கு நல்ல ரோலர் ஒண்ணு வாங்கிக் குடு" என்றார். வெளியிலும் கிரிக்கெட், உள்ளேயும் கிரிக்கெட்.

டிசம்பர் 6

முதல் கூட்டம். மாணவர்கள் ஒவ்வொருவரும் பருவக் கட்டணத்தோடு விளையாட்டுக் கட்டணமும் கட்டுகிறார்கள். அதில் பெரும்பகுதி எங்கே போகிறது என்று தேட வேண்டியதில்லை, மைதானத்தின் மேற்குப் பக்கம் நிமிர்ந்து பார்த்தால் போதும். கிரிக்கெட்டுக்குப் பார்வையாளர் மாடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. பிப்ரவரியில் திறப்பு விழா. பொன்னாடை, நினைவுப் பரிசு, பேனர், விருந்து என்று அதற்குத் தனி ஒதுக்கீடு.

கடைசியில் பெண்கள் பூப்பந்து அணி. மண்டலப் போட்டிக்கு ஒரே ஒரு நாள் சாப்பாட்டுச் செலவுதான் போட்டிருந்தது. உடற்கல்வி இயக்குநர் உபைதுல்லா சார் எழுந்து, "நாலு நாள் போட்டி சார்" என்றார்.

"முதல் மேட்ச்சுல தோத்துட்டு மறுநாளே வந்துடப் போறாங்க. மூணு வருஷமா அப்படித்தானே? ரிட்டர்ன் டிக்கெட்டையும் மறுநாளைக்கே போட்டுடுங்க" என்றார் குஞ்சிதபாதம் சார்.

"தஞ்சாவூர் அரண்மனையில பொறந்த ஆட்டம்னு சொல்லுவாங்க சார்..."

"அரண்மனையில பல்லாங்குழிகூடத்தான் ஆடியிருப்பாங்க. அதுக்கும் ஒரு டீம் போடலாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அடுத்த வருடத்திலிருந்து அந்த அணியையே எடுத்துவிடலாம் என்பதும் பேச்சில் வந்தது. முடிவு, போட்டி முடிந்த பிறகு.

டிசம்பர் 11

எடுக்கப்போவது என்னவென்றாவது பார்ப்போமே என்று மைதானத்துக்குப் போனேன். பக்கத்துக்கு ஐந்து பேர், நடுவில் வலை, மஞ்சள் கம்பளி நூலில் செய்த பந்து. இறகுப் பந்து போல அது காற்றில் மிதந்து யோசிப்பதில்லை. விர்ரென்று வருகிறது.

அணித் தலைவி நுஸைபா, கணக்கு மூன்றாம் ஆண்டு, முத்துப்பேட்டை. தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மற்ற நாலு பேரையும் கண்ணாலேயே நடத்துகிறாள். முன்வரிசையில் ஒரத்தநாட்டு அம்ருதா, இரண்டாம் ஆண்டு. அணியில் இருப்பதால்தான் அவளுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது என்றார் உபைதுல்லா சார். அணி போனால் சலுகையும் போகும்.

இதை அன்றைக்குக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. நான் கேட்டேனா என்ன?

டிசம்பர் 12

கம்பளிப் பந்துதானே என்று கோட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். நெற்றி இன்னும் வலிக்கிறது.

டிசம்பர் 19

பெண்கள் அணியோடு ஒரு பெண் மேலாளர் போயாக வேண்டுமாம். "கமிட்டியில நீங்க ஒருத்தர்தாம்மா லேடி" என்றார் குஞ்சிதபாதம் சார். மங்களூர் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் போட்டி. "போனதும் வந்துடலாம்" என்று ஆறுதல் வேறு.

ஜனவரி 4

ஜெயித்துவிட்டார்கள்!

குஞ்சிதபாதம் சாருக்குப் போன் போட்டேன். "சார், ஜெயிச்சாச்சு."

"யாரு?"

"நம்ம பொண்ணுங்க சார்."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். பிறகு மெதுவாக, "அப்ப நாளைக்கு டிக்கெட்?" என்றார்.

ஜனவரி 5

மறுபடியும் ஜெயித்தோம். தோம்? என் கை அப்படித்தான் எழுதுகிறது. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். சாப்பாட்டுக்கு என் அட்டையைத் தேய்த்தாயிற்று. இவர் போனில், "உன் டீம் ஜெயிக்க ஜெயிக்க நாம ஏழையாயிட்டே வர்றோம்" என்றார். குரலில் கவலை இல்லை, ஸ்கோர்தான் கேட்டார்.

ஜனவரி 7

அரையிறுதியில் கேரளத்துப் பெண்களிடம் தோற்றோம். மூன்றாவது இடத்துக்கான ஆட்டத்திலும் தோல்வி. நுஸைபா மட்டையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். என்ன சொல்வதென்று தெரியாமல், "நாலாவது இடம் நல்ல இடம்தானேம்மா" என்று உளறினேன்.

அம்ருதா என்னை விநோதமாகப் பார்த்தாள். "மேடம், முதல் நாலு டீமும் ஆல் இந்தியாவுக்குப் போகும். தெரியாதா?"

தெரியாது. குஞ்சிதபாதம் சாருக்கும் தெரிந்திருக்காது. யார் சொல்வது அவரிடம்?

ஜனவரி 14

பொங்கல். குக்கரில்தான். பொங்கியது என்று இவர் சாட்சி சொன்னார்.

ஜனவரி 20

குஞ்சிதபாதம் சாரிடம் கடைசியில் நான்தான் சொன்னேன். எழுந்து கை குலுக்கினார், ரொம்ப சந்தோஷம் என்றார், உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். "ஜெயிச்சது பெருமைதாம்மா. ஆனா இப்படி முன்னறிவிப்பே இல்லாம ஜெயிச்சா எப்படி?"

அகில இந்தியப் போட்டி ஒடிசாவில், அடுத்த மாதம். பணம் இல்லை. அணி போகாது. சொல்லிவிட்டு, திறப்பு விழாவுக்கான பொன்னாடை, கேடய பில்லை என் பக்கம் நகர்த்தினார். பொருளாளர் கையெழுத்து வேண்டுமாம்.

பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்று எடுத்துக்கொண்டு வந்தேன். ஒரு பொன்னாடைக்கு நாலு பெண்கள் ஒடிசாவுக்குப் போய் வரலாம் போலிருக்கிறது. அது உண்மையில் பொன்னிலா நெய்தது?

ஜனவரி 24

கையெழுத்துப் போட்டாயிற்றா என்று கேட்டார். விருந்தினருக்குக் கைத்தறித் துண்டு போர்த்தினால் என்ன சார், மிச்சத்தில் இந்தப் பெண்கள் போய்வரட்டும் என்றேன்.

"வர்றவரு யாருன்னு தெரியுமா? துண்டைப் போட்டா அனுப்புறது?" முகம் சிவந்துவிட்டது. பிறகு, பதவி உயர்வுக் குழுவிலும் இருக்கிற அவர், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "உங்க ப்ரமோஷன் ஃபைல் என் டேபிள்லதாம்மா இருக்கு" என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்லவும் வேண்டாமே.

பத்து வருஷமா அதே நாற்காலிலதான் உக்காந்திருக்கேன். எனக்குப் பின்னாடி வந்தவங்கல்லாம் மேல போயாச்சு. ஒரு கையெழுத்து. போட்டுட்டுப் போயேன் — உனக்கென்ன, பூப்பந்து உன் பரம்பரைச் சொத்தா?

இவரிடம் சொன்னேன். கேலி எதுவும் இல்லாமல் கேட்டார். "போடப் போறியா?"

"தெரியல."

"நீ தெரியலன்னு சொன்னா, போட மாட்டேன்னு அர்த்தம்" என்று காபி போட எழுந்து போனார்.

ஜனவரி 29

அம்ருதா சில நாட்களாகப் பயிற்சிக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. நுஸைபாவைக் கூட்டிக்கொண்டு ஒரத்தநாட்டுக்குப் பஸ் ஏறினேன். வீட்டில் இல்லை, கொள்முதல் நிலையத்தில் இருக்கிறாள் என்றார்கள்.

சம்பா அறுவடை ஆகி, நெல்லை எடை போட முறை வருவதற்காகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். வானம் மூடிக்கொண்டு நின்றது. தார்ப்பாய் பறந்துவிடாமல் அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள் அம்ருதா. அப்பா சாக்குக்கு அலையப் போயிருந்தாராம்.

"டீமே இருக்காதுன்னு கிளாஸ்ல பேசிக்கிறாங்க மேடம். அப்புறம் எதுக்கு ப்ராக்டிஸ்?" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "ஃபீஸ் கட்டணும்னா அப்பா படிச்சது போதும்பாரு. அவரையும் தப்பு சொல்ல முடியாது."

நுஸைபா தார்ப்பாயின் இன்னொரு ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த நேரம் பார்த்துத் தூறல் விழ, நான் மூன்றாவது ஓரத்தில். பட்டுப் பார்டர் புடவை. மேலாளர் வேலையில் இதுவும் உண்டு என்று யாரும் சொல்லவில்லை.

அப்பா வருகிற வரைக்கும் மூன்று பேரும் அப்படியே இருந்தோம்.

ஜனவரி 30

அந்த பில்லில் கையெழுத்திட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான். மூன்றாவதில் எழுத்து நேராகத்தான் இருந்தது.

பிப்ரவரி 3

நான் கொடுத்ததற்கு நாலு நாளாகப் பதிலே இல்லை. இன்று நுஸைபா என்னிடம்கூடச் சொல்லாமல் குஞ்சிதபாதம் சாரின் அறைக்கே போயிருக்கிறாள். "வேண்டாம்னு சொல்லுங்க சார். ஆனா ஒரு தடவை வந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாளாம்.

வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவர் மாதிரி நின்றார். கொஞ்ச நேரத்தில் கட்டு அவிழ்ந்தது. "அந்த மட்டையை இப்படிக் குடு" என்றார். முதல் பந்து வலையில். இரண்டாவது வலையில். மூன்றாவதைக் காற்றில் தேடினார்.

"வலை உயரம் தப்பா இருக்கு உபைதுல்லா."

உபைதுல்லா சார் அளந்து காட்டினார். சரியாகத்தான் இருந்தது.

நான்காவது பந்து அந்தப் பக்கம் போயிற்று. பயிற்சிக்குத் திரும்பியிருந்த அம்ருதா அதைப் பூப்போல எடுத்து, அவர் கைக்கே எட்டுகிற மாதிரி திருப்பினாள். அவர் அடித்தார், மறுபடி அவள். மேல்மூச்சு வாங்க, சட்டை நனைய, இருட்டும் வரை மனுஷர் நகரவில்லை.

பிப்ரவரி 5

அணி போகிறது! துண்டுதான் போர்த்தப் போகிறோம். ஆனால் ஒரு நிபந்தனை: குழுத் தலைவராக அவரும் வருவாராம். ஏசி வகுப்பில்.

அந்த டிக்கெட் காசில் மாற்று ஆட்டக்காரிகள் இரண்டு பேரைக் கூட்டிப் போகலாம் என்றேன். எல்லோரோடும் ஸ்லீப்பரில் வருவதானால் வாருங்கள்.

"இந்த வயசுல மிடில் பெர்த்தாம்மா?"

"என் லோயரைத் தர்றேன் சார்" என்றாள் நுஸைபா.

பிப்ரவரி 12

திறப்பு விழா. போர்த்திய கைத்தறித் துண்டைத் தடவிப் பார்த்த சிறப்பு விருந்தினர், "வீட்ல பொன்னாடை வைக்க இடமில்லை. இதுல குளிச்சிட்டாவது துவட்டிக்கலாம்" என்றார். கூட்டத்திலேயே பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

பிப்ரவரி 20

முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். மூன்றாவது செட் வரை இழுத்துக்கொண்டு போய், கடைசியில் நூலிழையில்.

எல்லைக்கோட்டில் விழுந்த ஒரு பந்தை நடுவர் வெளியே என்று சொல்ல, குஞ்சிதபாதம் சார் நாற்காலி மேல் ஏறிவிட்டார். தமிழில்தான் கத்தினார், நல்லவேளை. நடுவர் வந்து எச்சரித்தார். நான் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். என் ப்ரமோஷன் ஃபைலை மேஜையில் வைத்திருக்கும் மனுஷரின் சட்டையை!

பிப்ரவரி 22

ரயில். வரும் வழியெல்லாம் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பெண்கள் பாட்டுப் பாடி, தூங்கி, முறுக்குத் தின்று தேறிவிட்டார்கள். விஜயவாடா தாண்டின பிறகு எழுந்து உட்கார்ந்து, "உள்ளேதாம்மா விழுந்தது" என்றார்.

மார்ச் 17

கூட்டம். பூப்பந்து அணி இன்னும் ஒரு வருடம் இருக்கும். அம்ருதாவின் சலுகையும்தான். ஒரே ஒரு வருடம். எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது, ஆடவில்லை.

ஏப்ரல் 28

நேர்முகத் தேர்வு முடிந்து உத்தரவு வந்துவிட்டது. இணைப் பேராசிரியர். ஃபைலை அவர் ஜனவரியிலேயே அனுப்பிவிட்டாராம், நான் எழுதிக் கொடுத்த மறுநாள். அலுவலகத்தில் சொன்னார்கள். அவரிடம் நன்றி சொல்லப் போனேன். "எதுக்கு?" என்று அதட்டினார்.

மே 9

நுஸைபா கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்தாள். உடற்கல்விப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாள். "வாப்பா ஒத்துக்கிட்டாரா?" என்றேன். "உம்மா ஒத்துக்கிட்டாங்க மேடம். வாப்பாவுக்கு அவங்க சொல்லிக்குவாங்க." இனி அம்ருதா தலைவி.

ஜூன் 16

மேட்டூர் திறந்து கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது. குஞ்சிதபாதம் சாரின் பதவிக்காலமும் முடிந்துவிட்டது. மறுபடியும் வெறும் இயற்பியல் பேராசிரியர். புது மாணவர் நலத் தலைவர் இளவயது, சுறுசுறுப்பு. முதல் கூட்டத்தின் முதல் பொருளே, பார்வையாளர் இல்லாத சிறு அணிகளை மறுபரிசீலனை செய்வது.

நான் பேச எழுந்தேன். அதற்குள் கதவு திறந்தது. குஞ்சிதபாதம் சார். அழைப்பு இல்லை, குழுவிலும் இல்லை. கால்சட்டை முழங்காலில் ஆடுகளத்துச் செம்மண்.

புதியவர் மரியாதையாகத்தான் கேட்டார். "வாங்க சார். நீங்க எந்த முறையில இந்தக் கூட்டத்துக்கு...?"

"நான் பூப்பந்து டீம்" என்றார்.

என் பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்தேன்.