வெட்டாத பக்கங்கள்

11.7.1964, சனி

இன்று நூலக வாசகர் வட்டத்தில், ஆரையம்பதியிலிருந்து வந்த எழுத்தாளரின் நாவலைப் பற்றிப் பேசினேன். பாதிதான் வாசித்திருந்தேன். ஆனாலும் முடிவு அருமை என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

கையெழுத்துப் போட என் பிரதியை வாங்கிய எழுத்தாளர் தாள்களைப் புரட்டினார். ஓரம் வெட்டாமல் விற்ற புத்தகம் அது; நான் வாசித்த பாதிவரைதான் வெட்டியிருந்தேன். மீதிப் பக்கங்கள் அச்சகத்தில் மடித்தபடியே ஒட்டிக்கிடந்தன.

"பட்டம் படிச்ச புள்ளைகள் வெட்டாமலே வாசிக்கும் போல!" என்றார் நூலகர். சிரிப்பு எழுந்தது. எனக்கு முகம் எரிந்தது.

எழுத்தாளர் சிரிக்கவில்லை. மேசையிலிருந்த மர அடிமட்டத்தின் விளிம்பால் ஒவ்வொரு தாளாக வெட்டித் தந்தார்.

"இனி வாசிக்கலாம் புள்ள. முடிவு எப்படி எண்டு உண்மையா ரெண்டு வரி எழுதிப் போடுங்க."

"ஓம்" என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டேன்.

இப்போதுதான் வாசித்து முடித்தேன். முடிவு நன்றாகவே இல்லை.