ஏற்புரையில் ஒரு வரி

கற்பிட்டி
08.04.2025

அன்புள்ள மீரா நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடி போயிருக்கும் என்டு நினைக்கிறேன். இங்க நாங்க எல்லாரும் சுகம், அல்ஹம்துலில்லாஹ்.

நானா, ஒரு குறை சொல்லத்தான் எழுதுறேன். இந்த வருஷம் ஓய்வு பெறுற நம்ம நாலு பேருக்கும் வாற முப்பதாம் திகதி ஸ்கூல் மண்டபத்தில சேவை நலன் பாராட்டு விழா. மூனு டீச்சர்மாரும் ஓம் என்டுட்டோம். காவலாளி மீரா முகைதீன் நானா மட்டும் அழைப்பிதழைத் திருப்பிக் குடுத்திட்டார் என்டு பழைய மாணவர் சங்கத்துச் செயலாளர் வந்து சொன்னார். செயலாளர் வேற யாருமில்ல, என்ட மகன்தான், ஸாஜித். "பொன்னாடை எனக்கு எதுக்கு, வெயிலுக்குத் தலையில போடவா" என்டு கேட்டீங்களாம். முதல்ல சிரிச்சேன். பொறகு சிரிப்பு வரல்ல.

இன்னொன்டு. மே பதினாலாம் திகதி ஹஜ்ஜுக்குப் போறேன். போகமுந்தி வீடு வீடாப் போய் எல்லாரிட்டயும் என்ட பிழையைப் பொறுக்கச் சொல்லிப் பொருத்தம் கேக்கிறேன். எத்தாளைக்கு உங்கட ஊட்டுக்கும் ரெண்டு தரம் வந்தேன். ரெண்டு தரமும் "வாப்பா தூங்குறார்" என்டா உங்கட மகள். பகல் பதினொரு மணிக்குத் தூங்குற ஆளில்ல நீங்க. போனும் எடுக்கிறீங்க இல்ல. என்னால ஏதும் மனசு நொந்திருந்தா அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கொள்ளுங்க. விழாவுக்கும் வாங்க.

துஆவுடன்,
உம்மு குல்சூம் டீச்சர்


எத்தாளை
13.04.2025

டீச்சருக்கு,

வஅலைக்கு முஸ்ஸலாம். போன்ல கதைச்சா நீங்க அழுவீங்க, நான் வாயடைச்சு நிப்பேன். அதனால எழுதுறேன். பிழை இருந்தா சிவப்புப் பேனையால வெட்டிராதீங்க.

"ஏதும்" என்டு எழுதியிருக்கீங்க. ஏதும் இல்ல டீச்சர், ஒன்டுதான். ரெண்டாயிரத்திப் பதினொன்டு, பதினோராம் வகுப்புக் கணிதப் பேப்பர். காரியாலயக் கதவைப் பூட்டித் திறக்கிற திறப்பு என்னிட்ட. பேப்பர் வெச்ச அலுமாரித் திறப்பு பிரதி அதிபர் உங்களிட்ட. பேப்பர் வெளிய போனதும், காவலாளி அலுமாரிக்குக் கள்ளத் திறப்பு வெச்சிருந்தார் என்டு, நடக்கிறதெல்லாம் பதியுற ஸ்கூல் லொக் புத்தகத்தில நீங்கதான் எழுதினீங்க. என்னைத் தூக்கிச் சிலாபத்துக்கு அங்கால ஒரு ஸ்கூல்ல போட்டாங்க. ஒன்பது வருஷம். மாசத்துக்கு ரெண்டு தரம் ஊட்டைப் பார்த்தேன். என்ட பொஞ்சாதி அலீமாவுக்குச் சீனி வருத்தம் முத்திக் காலை எடுத்த நேரம் நான் அங்க கேட்டடியில. அவ கண்ணை மூடி மௌத்தான நேரமும் அங்கதான்.

பேப்பர் போன அண்டைக்கு, அசர் தொழுகைக்குப் பொறகு, உங்கட மகன் உங்கட திறப்புக் கோர்வையோட வந்தான். "உம்மா கொப்பியொன்டு எடுத்திட்டு வரச் சொன்னா" என்டான். நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். விசாரணையில அதைச் சொல்லல்ல. பதினாறு வயசுப் புள்ள, நீங்களே சொல்லுவீங்க என்டு இருந்தேன். அலீமாவுக்கு மட்டும் சொன்னேன். "டீச்சர் ஒரு நாளைக்கு வந்து சொல்லுவா, பாருங்க" என்டா அவ.

மீரா முகைதீன்


கற்பிட்டி
16.04.2025

நானா,

சலாம். உங்கட கடிதத்தோட தொழுகைப் பாயிலயே இருந்திட்டேன்.

எல்லாம் தெரிஞ்சுகொண்டுதானா திரும்பி வந்த இந்த அஞ்சு வருஷமும் காலையில "சலாம் டீச்சர்" என்டு கேட்டைத் திறந்துவிட்டீங்க?

ஒளிக்கிறதுக்கு இனி ஒன்டுமில்ல. லொக் புத்தகத்தில எழுதின நேரம் எனக்கு உண்மை தெரியாது. மூனாம் நாள் ஸாஜித்ட மெத்தைக்குக் கீழ பேப்பரைக் கண்டேன். அவனை அடிச்ச அடியில பிரம்பு முறிஞ்சிச்சு. ஆனா வெளிய சொல்லல்ல. அடுத்த மாசம் அவனுக்கு ஓ.எல். சோதனை. உங்களைப் பக்கத்து ஸ்கூலுக்கு ஒரு வருஷம் மாத்துவாங்க, அவ்வளவுதான் என்டு நினைச்சேன். வல்லாஹி, அப்பிடித்தான் நினைச்சேன். பொறகு ஒவ்வொரு வருஷமும் சொல்லுறது இன்னும் கஷ்டமாப் போச்சு. அலீமாட மௌத்து ஊட்டுக்கு வந்து யாசீன் ஓதினேன். அண்டைக்கும் சொல்லல்ல.

யாரென்டு சொல்லாம மௌலவிட்டக் கேட்டேன். தொழுகையில விட்ட குறையை அல்லாஹ் மன்னிப்பான், மனுஷன்ட ஹக்கை, அவனுக்குரிய கடனை, அந்த மனுஷன்தான் மன்னிக்கணும் என்டார். ஹஜ்ஜில அறபா மைதானத்தில நின்டு நான் எந்த முகத்தோட கையேந்துற? இந்த வயசில என்னைக் கைவிட்டிராதீங்க நானா. என்ன செய்யச் சொன்னாலும் செய்றேன்.

உம்மு குல்சூம்


எத்தாளை
20.04.2025

டீச்சருக்கு,

சலாம். நீங்க கேட்டதால சொல்லுறேன்.

விழாவில ஏற்புரை சொல்லி முடிக்கக்குள்ள, நம்மட வழக்கப்படி மைக்கில எல்லாரிட்டயும் பொருத்தம் கேப்பீங்க. சனம் முழுக்க "பொருந்திட்டோம்" என்டு சொல்லும். யாருக்கு என்ன செஞ்சீங்க என்டு ஒருத்தருக்கும் தெரியாது, ஆனா எல்லாரும் பொருந்துவாங்க. அந்தக் கூட்டத்துக்குள்ள என்ட சத்தமும் போறதில எனக்கு விருப்பமில்ல. அதுதான் அழைப்பிதழைத் திருப்பினேன்.

அதுக்கு முந்தி ஒரு வரி சொல்லுங்க. "அந்த அலுமாரியை மீரா முகைதீன் திறக்கல்ல, நான் எழுதினது பிழை." அவ்வளவுதான். உங்கட மகன்ட பேரை நான் கேக்கல்ல. அவன் இப்ப நம்மட ஸ்கூல்லயே வாத்தியார், புள்ளகுட்டிக்காரன்.

எனக்காக மட்டுமில்ல. என்ட பேத்தி றிஷ்னா இப்ப அங்கதான் ஆறாம் வகுப்பு. போன மாசம் ஒரு புள்ள அவளைப் "பேப்பர் கள்ளன்ட பேத்தி" என்டிச்சாம். பதினாலு வருஷத்துக்குப் பொறகும் ஊருக்கு அது மறக்கல்ல.

சொல்லுவீங்க என்டா வாறேன்.

மீரா முகைதீன்


கற்பிட்டி
25.04.2025

நானா,

சொல்லுவேன். இன்ஷா அல்லாஹ் கட்டாயம் சொல்லுவேன். எழுதிப் பாடமாக்கிட்டேன். முப்பத்திமூனு வருஷம் படிப்பிச்சவளுக்கு ஒரு வரியைப் பாடமாக்க நாலு நாள் போச்சு.

ஸாஜித்துக்குத் தெரிஞ்சிட்டு. நேத்து வந்து காலைப் பிடிச்சான். "நீங்க அந்த ஒரு வரியைச் சொன்னாப் போதும் உம்மா, அப்ப யார் திறந்த என்டு அடுத்த நிமிஷம் கேப்பாங்க" என்டான். அவன் சொல்லுறதும் உண்மைதான். ஆனா நான் கபுறுக் குழிக்குத் தனியாத்தான் போகணும், அவன் வர மாட்டான். அதை அவனுக்கும் சொல்லிட்டேன்.

நீங்க வாங்க. றிஷ்னாவையும் முன் வரிசையில இருக்கச் சொல்லுங்க.

உம்மு குல்சூம்


கற்பிட்டி
01.05.2025

நானா,

எப்பிடித் தொடங்குற என்டு தெரியல்ல.

நீங்க வந்தீங்க. வெள்ளைச் சேட்டும் புதுச் சாரமும் உடுத்து மேடையில கடைசிக் கதிரையில இருந்தீங்க. என்ட கையில பேப்பர் இருந்திச்சு. நான் ஸாஜித்தைப் பார்த்திருக்கக் கூடாது. அவன் மகள் ஸஹ்றாவை மடியில வெச்சுக்கொண்டு தலையைக் குனிஞ்சிருந்தான். அவ எனக்குக் கை காட்டினா. வாயைத் திறந்தேன், பழகின சொல்லுத்தான் வந்திச்சு. "என்னால யாருக்கும் மனசு நொந்திருந்தா" என்டேன். மண்டபம் முழுக்கப் "பொருந்திட்டோம்" என்டிச்சு. நான் உங்களைத்தான் பார்த்தேன். உங்கட வாய் அசையல்ல. உங்களுக்குப் பொன்னாடை போர்த்தப் பேரைக் கூப்பிடக்குள்ள கதிரையில ஆளில்ல.

இண்டைக்கு ஸ்கூல் லீவு என்டதால அதிபர்ட ஊட்டுக்கே போனேன். லொக் புத்தகத்தில ஒரு விஷயம் எழுதணும் என்டு கேட்டேன். ஓய்வு பெற்ற ஆள் இனி அதில எழுத ஏலாது, என்ன விஷயம் என்டு சொல்லுங்க என்டார். அங்கயும் சொல்லல்ல. தேத்தண்ணி குடிச்சிட்டு வந்திட்டேன். இப்பிடிப்பட்டவதான் நான்.

ஏசுங்க, ஊரைக் கூட்டி ஏசுங்க. பதில் போடாம மட்டும் இருந்திராதீங்க. இன்னும் பதிமூனு நாள்தான் இருக்கு.

பாவி,
உம்மு குல்சூம்


எத்தாளை
09.05.2025

டீச்சருக்கு,

சலாம். கடிதம் கிடைச்சிச்சு.

நான் கோவத்தில எழும்பிப் போகல்ல. சனம் "பொருந்திட்டோம்" என்டக்குள்ள என்ட வாயும் சொல்லப் பார்த்திச்சு. அதுக்குப் பயந்துதான் எழும்பினேன். வாற வழியில றிஷ்னா கேட்டா, டீச்சர் எதுக்கு மன்னிப்புக் கேட்டா என்டு. எல்லாரிட்டயும் பொதுவாக் கேட்டா புள்ள என்டேன். வேற என்ன சொல்லுற?

ஒரு கிழமையா யோசிச்சேன். நானும் அறுபதைத் தொட்ட ஆள். என்னால நீங்க அறபாவில வெறுங்கையோட நிக்க வேணாம். என்ட ஒன்பது வருஷத்தை அல்லாஹ்வுக்காகப் பொருந்திட்டேன். ஸாஜித்தையும் பொருந்திட்டேன், அவனிட்டச் சொல்லுங்க.

ஆனா அலீமாட பங்கு என்ட கையில இல்ல டீச்சர். கள்ளன்ட பொஞ்சாதி என்டு பின்னால கதைச்சதுக்குப் பொறகு அவ ஒரு கலியாண ஊட்டுக்கும் போகல்ல. சொந்தத் தங்கச்சிட மகள்ட கலியாணத்துக்கும் போகல்ல. ஆறு வருஷம் அந்த ஊட்டுக்குள்ளயே இருந்து மௌத்தாப் போனா. அவட ஹக்கை நான் எப்பிடி எடுத்துத் தாற? அது என்ட சொத்தில்ல. மறுமையில நீங்களும் அவவும்தான் கதைச்சுக்கொள்ளணும்.

சுகமாப் போய் வாங்க.

மீரா முகைதீன்