ஆரோவுட் வீட்டுப் பிள்ளை

அலபாமா, 1966

மகனே,

சிகாகோவில் வேலைக்காகப் பெயரை ஜான்சன் என்று மாற்றிக்கொண்டாயாம். ஆரோவுட் என்றாலே ஓட்டுரிமைக் கலகக்காரன் என்று முதலாளிகள் பயப்படுகிறார்களாம். பயப்படட்டும்.

நம் கறுப்பு ஆட்களை, கிழவரானாலும், வெள்ளைக்காரன் மிஸ்டர் போட்டுக் குடும்பப் பெயரால் கூப்பிட மாட்டான், வெறும் முதல் பெயரால்தான் கூப்பிடுவான். அதனாலேயே உன் அப்பா தன் முதல் பெயரை எந்த வெள்ளைக்காரனிடமும் சொன்னதில்லை. ஓட்டுக்குப் பதியப் போன அன்று, மாவட்டப் போலீஸ் தலைவனான ஷெரீப் கேட்டான்:

"டேய், உன் பேர் என்னடா?"

"மிஸ்டர் ஆரோவுட்."

"உங்கம்மா வச்ச பேரைச் சொல்லுடா."

"அது எங்கம்மா கூப்பிடறதுக்கு."

பிடரியில் தடி விழுந்தது. அப்போதும் சொல்லவில்லை. மறுநாள் அவர் உடலைப் போர்வையால் மூடி என்னிடம் ஒப்படைத்தபோதும், ஆரோவுட் என்றுதான் அந்த ஷெரீப் சொல்ல வேண்டியிருந்தது. அவனுக்கு வேறு பெயர் தெரியாது.

உறையின் மேல் ஆரோவுட் என்றே எழுதியிருக்கிறேன். அதை நீ பிரித்திருக்கிறாய் என்றால், அந்தப் பெயர் உன்னுடையதுதான். ஜான்சன் என்று நான் யாரையும் பெறவில்லை.

இப்படிக்கு,
ஆரோவுட்டின் மனைவி