வலது காலில் மட்டும் சாக்பொடி

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சளி, இருமல், ஆபீஸ் தொல்லை எதுவும் அண்டாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்கு மாத்திரை போட்டு, நேரம் கிடைத்தபோதெல்லாம் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு இருக்கிறோம். முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், எப்படியும் உன் அம்மா போனில் சொல்லத்தான் போகிறாள், அவள் சொன்னால் நாலு முழம் லேஸ் வைத்துத் தைத்துத்தான் சொல்வாள். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில், பதினைந்து பேர் உட்கார்ந்திருந்த ஹாலில், பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, இரண்டு உள்ளங்காலையும் தண்ணீரில் நனைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து காட்டினேன். முட்டி வலிக்காக வந்திருந்த ரிட்டயர்டு கண்டக்டர் ஒருத்தர், "சார், அப்படியே ஒரு ரவுண்டு திரும்புங்க, பின்பக்கத் தையலையும் பாத்துக்கறோம்" என்றார். ஹாலே சிரித்தது. உன் அம்மாவும் சிரித்தாள். இந்த நடுக்குவாதம் வந்ததிலிருந்து அவள் முகத்தில் சிரிப்பு ஏறுவதே அபூர்வம், அதனால் இன்னொரு தடவை நடக்கச் சொன்னாலும் நடந்திருப்பேன்.

ஏன் நடந்தேன் என்றால் அதற்குக் காரணம் அந்த ஃபாரம். அம்மாவுக்கு நடைப்பயிற்சி சொல்லித்தருகிற பெண்ணுக்கு நடை டீச்சர் என்று உன் அம்மா பெயர் வைத்திருக்கிறாளே, அவர் மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ஃபாரம் கொடுத்து வீட்டில் தினமும் எழுதிவரச் சொன்னார். எல்லாம் இங்கிலீஷ். ஸ்டெப், ஸ்ட்ரைட், கேடன்ஸ், ஸ்பீட் என்று நாலு கட்டம். நான் பத்தாவதோடு நின்றவன், எல்லாம் நடக்கிறதுதானே, இதற்கு எதற்கு நாலு பெயர் என்று நினைத்தேன். கேடன்ஸ் என்றால் நிமிஷத்துக்கு எத்தனை அடி என்று டீச்சரே சொன்னதால் அதை மட்டும் கடிகாரத்தைப் பார்த்து ஒழுங்காக எண்ணி எழுதினேன். ஸ்பீட் கட்டத்தில் பத்து மீட்டர் நடக்க எத்தனை நொடி என்று எழுத வேண்டுமாம், நான் தொண்ணூறு நாளும் 'நல்ல வேகம்' என்று எழுதி வைத்திருந்தேன். டீச்சர் அதை ஹாலில் சத்தமாகப் படித்து, "சார், இது என்ன, ஸ்கூல் ரிப்போர்ட்டா?" என்று கேட்டார். ஸ்டெப்பை எண்பது நாள் டேப் வைத்து அளக்கவே இல்லை, பரீட்சைக்கு முதல் நாள் படிக்கிற புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். கடைசிப் பத்து நாள்தான் அளந்தேன். தையல் கடையிலிருந்து துணியில் கோடு போடுகிற சாக்பீஸைப் பொடி செய்து எடுத்துவந்து அவள் குதிகாலில் பூசினேன். அவளோ, "ஒரு கால் போதும், ரெண்டுலயும் பூசினா தரையை உங்க அப்பாவா வந்து துடைப்பாரு?" என்றாள். சரி என்று வலது காலில் மட்டும் பூசி, தரையில் விழுந்த ஒரு வெள்ளைத் தடத்திலிருந்து அடுத்த வெள்ளைத் தடம் வரை அளந்து, ஸ்டெப் கட்டத்தில் நாற்பது சென்டிமீட்டர் என்று எழுதினேன், ஸ்ட்ரைட் என்றால் என்னவென்று தெரியாததால் அந்தக் கட்டம் காலி. முதல் நாள் ஆஸ்பத்திரியில் அவர்கள் அளந்தபோது முப்பத்தெட்டு. இரண்டு சென்டிமீட்டர் கூடியிருக்கிறது என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் போனேன்.

டீச்சர் என்னை நடக்கவிட்டு, ஈரத் தடத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலால் காட்டினார். இடது குதியிலிருந்து வலது குதி வரை இருப்பது ஸ்டெப். வலதிலிருந்து அடுத்த வலது வரை இருப்பது ஸ்ட்ரைட், அதற்குள் இரண்டு ஸ்டெப் அடக்கம். நான் ஸ்டெப் என்று எழுதியது ஸ்ட்ரைட். அப்படியென்றால் உன் அம்மாவின் அடி நாற்பது இல்லை, இருபது. துணியை இரண்டாக மடித்துப் பாதி அளவில் வெட்டிப் பிரித்தால் முழு அளவு வரும் என்று முப்பது வருஷமாகத் தெரிந்தவன் நான். பெஞ்சில் உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து காலைத் துடைத்துக்கொண்டபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "என்னவாம்?" என்றாள். "டேப்பை மாத்திப் புடிச்சிட்டேனாம்" என்றேன். "அது எனக்கு அன்னிக்கே தெரியும், என் கல்யாண ஜாக்கெட்டை அளந்ததும் நீங்கதானே" என்றாள்.

அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டர் என்னிடம் பேசினார். நிமிஷத்துக்கு எத்தனை அடி என்பது கூடிக்கொண்டே போனதே, தொண்ணூறு நூற்றுமுப்பது ஆனதே, அது சுறுசுறுப்பு இல்லையாம். இந்த நடுக்குவாதத்தில் அடி சின்னதாகச் சின்னதாகக் கால் அவசரப்படுமாம். தையல் மிஷினில் இதை நான் நன்றாகப் பார்த்திருக்கிறேன், தையல் அளவைக் குறுக்கி வைத்துவிட்டு பெடலை எவ்வளவு மிதித்தாலும் சத்தம்தான் பெரிதாக வரும், துணி நகராது. மிஷினில் தெரிந்தது வீட்டில் தெரியவில்லை. பத்து மீட்டர் நடக்க முதல் நாள் பதினெட்டு நொடி, இப்போது இருபத்துமூன்று. ஒரே ஒரு நாள் அந்தக் கட்டத்தில் கடிகாரத்தைப் பார்த்து எழுதியிருந்தால் முன்னாலேயே மாத்திரையை மாற்றியிருப்பார்களாம். இப்போது மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கேட்குமா என்று கேட்டேன், பார்க்கலாம் என்றார். கண்ணால் பார்க்கிறவனுக்குத் தெரியாதா என்று நீ கேட்பாய். தினமும் பார்க்கிறவனுக்குத் தெரியவில்லை கண்ணு. அடுப்படியிலிருந்து அவள் டக்டக்கென்று வருகிற சத்தம் கேட்டு, "என்ன, ரயிலைப் புடிக்கப் போறியா?" என்று கேலி செய்தேன். "நான் எங்கங்க நடக்கறேன், காலு என்னை இழுத்துக்கிட்டுப் போவுது" என்றாள். அதற்கும் சிரித்தேன்.

இதில் உன் காதில் விழ வேண்டியது இன்னொன்று. போன மாதம் நீ லீவு எடுத்து வருகிறேன் என்றபோது, தொண்ணூறு நூற்றுமுப்பது ஆகிவிட்டது, நீ வந்து என்ன செய்யப்போகிறாய், அம்மாவோடு ஓட்டப்பந்தயம் ஓடப்போகிறாயா என்று ஜம்பமாகச் சொன்னவன் நான். நீயும் நிம்மதியாகி லீவை உன்னோடு வேலை பார்க்கிற பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாய். அதைத் திரும்பக் கேள் என்று சொல்ல எனக்கு எந்த முகமும் இல்லை, ஆனாலும் கேட்டுப் பார். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோதே சொல்லியிருக்க வேண்டும், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அதனால்தான் கடையில் பட்டனுக்குக் காஜா போடுகிற வேலையைத் தள்ளிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். ஜாக்கெட் இறுக்கிப்பிடித்தால் உள்ளே விட்டிருக்கிற துணியைப் பிரித்து அரை அங்குலம் தளர்த்திக் கொடுப்பேன். இங்கே எதைப் பிரித்து எதைத் தளர்த்துவது என்று தெரியாமல் அவள் பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு நடக்கிறேன், பிடித்தால் திட்டுகிறாள்.

டீச்சர் ஒரு யோசனை சொன்னார். தரையில் குறுக்குக் கோடு போட்டால், கோட்டைத் தாண்டுகிற நினைப்பில் கால் கொஞ்சம் எட்டி விழுமாம். நேற்று படுக்கையறையிலிருந்து முன்னறை வரை மஞ்சள் நாடாவை வெட்டி டீச்சர் சொன்ன இடைவெளியில் ஒட்டினேன், இந்தத் தடவை மூன்று முறை அளந்தேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். முதல் கோட்டைத் தாண்ட மூன்று தடவை காலைத் தூக்கினாள், மூன்றாவதில் தாண்டினாள். அடுத்த கோட்டுக்கு இரண்டு அடி வைத்துத்தான் போக முடிந்தது. "ஏங்க, யாருக்கு அளவெடுத்துப் போட்டீங்க இதை, ஒட்டகத்துக்கா?" என்றாள். நான் சிரித்துவிட்டு மிச்ச நாடாவைச் சுருட்டி வைக்கப் போய்விட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளையை வண்டியை நிதானமாக ஓட்டச் சொல். உங்கள் இருவர் வீட்டிலும் மனதிலும் குறை எதுவும் தங்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசீர்வாதம். ஒன்றை மறக்காதே, போன் அடித்து யாரும் எடுக்கவில்லை என்றால் ஊர் சுற்றப் போய்விட்டாள் என்று வைத்துவிடாதே, அது நிற்கும் வரை அடிக்கவிடு, நின்றதும் மறுபடி அடி. அவள் வந்துகொண்டிருப்பாள். எடுத்ததும் ஒட்டகக் கதையைச் சொல்லிச் சிரிப்பாள், நீயும் கூடச் சிரித்துவிடு. அந்தக் கோடுகளுக்கு நடுவில் முப்பத்தெட்டு சென்டிமீட்டர். மூன்று மாதத்துக்கு முன்னால் அவள் வைத்த அடிதான் அது. அவளிடம் நான் சொல்லவில்லை.

அளவு தவறிய டெய்லர்,
உன் அப்பா